வழிமொழிந்தவர்: வேலணை இளையதம்பி

வேலணை மேற்கு,
வியாழக்கிழமை, காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு.

என் அன்பு மகள் கஜனிக்கு,

நீ கொழும்பில் சுகத்தோடும் நேரத்துக்குச் சாப்பாட்டோடும் இருக்க வேண்டும் என்று வைரவருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம். அம்மா சுகம். கத்தரித் தோட்டம் சுகம், அதிலிருக்கும் வெள்ளை ஈ அதைவிடச் சுகம். எனக்கும் அம்மாவுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை மட்டும் செவ்வாய் பின்னேரத்திலிருந்து சுகமில்லை. சாப்பாடு வருகிறது, கதை வரவில்லை. காரணம் கீழே வரும்.

போனில் நீ, "அப்பா, கூட்டத்தில என்ன நடந்தது, ஒரு வசனத்தில சொல்லுங்கோ, நான் மீற்றிங்குக்குப் போறன்" என்று கேட்டாய். நானும் ஒரு வசனத்தில்தான் சொன்னேன்: "தீர்மானம் நிறைவேறிட்டுது பிள்ளை, ஆனா நான் இரண்டு தரம் வழிமொழிய வேண்டி வந்திட்டுது." அதன் பிறகு நீ கேட்ட பதினொரு கேள்விகளுக்கும் அம்மா குசினியில் சட்டி பானையோடு போட்ட சத்தத்தில் என்னால் பதில் சொல்ல ஏலாமல் போயிற்று. ஆகவே கடிதம். கடிதத்தில் உள்ள பெரிய வசதி, நீ இடையில் மறிக்க ஏலாது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தை இரண்டு தரம் கோட்டை விட்ட மனிசன் ஒருவன், கம்பனிக் கணக்குச் சட்டம் பற்றி, அதுவும் கணக்காய்வு செய்கிற மகளுக்கு எழுதுகிறான் என்று நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் பிள்ளை, அறுபத்திமூன்று வயதில் செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நாளை நான் கண்டதில்லை. 

நீ சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். பெரிய கம்பனிகளின் கணக்குகளை அரசாங்கம் இறுக்கிப் பிடிக்க வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் அடிபடுகிறது. அதற்கு மக்கள் கருத்துக் கேட்க ஒரு குழு ஊர் ஊராக வருகிறது. தீவுப்பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு கூட்டம், கடைசியில் ஒரே ஒரு தீர்மானம், அதற்கு முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். அந்தத் தாள்தான் கொழும்புக்குப் போகும். "அப்பா, சரோஜினிதேவி ரீச்சருக்காக எண்டாலும் எங்கட தீவில இருந்து 'சட்டம் வேணும்' எண்டு ஒரு தாள் போகவேணும்" என்று நீ சொன்னது எனக்கு நெஞ்சில் நின்றது. உனக்கு ஐந்தாம் வகுப்பில் பின்னக்கணக்குப் படிப்பித்தவர். ஓய்வு பெற்றபோது வந்த காசு முழுவதையும் தீவொளி கடலுணவுக் கம்பனியின் பங்கில் போட்டவர். அந்தக் கம்பனி வருடா வருடம் பளபளப்புத் தாளில் கணக்குப் புத்தகம் அடித்தது. அட்டையில் எட்டுப் படகு வரிசையாக நிற்கும். உள்ளே கொழும்புக் கணக்காய்வாளரின் கையெழுத்து இருக்கும். கம்பனி விழுந்த பிறகு போய்ப் பார்த்தால் கடலில் நின்றது மூன்று. இன்றைக்கு ரீச்சர் எழுபது வயதில் பக்கத்து ஊர்ச் சுருவிலுக்குச் சைக்கிளில் போய் ரியூசன் கொடுக்கிறார். கையெழுத்துப் போட்டது உன் கந்தோர் ஆட்கள் இல்லை என்று நான் எத்தனை தரம் சொன்னாலும், "எங்கட தொழில்தானே அப்பா" என்றுதான் நீ சொல்லுவாய். ஆகவே நீ எழுதி அனுப்பிய பக்கத்தை நான் வாசித்து முன்மொழிவது, ரீச்சர் வழிமொழிவது. இதுதான் எங்கள் மூன்று பேருடைய திட்டம்.

இரண்டு கிழமையாக நான் ஆயத்தம் செய்தேன். தொலைக்காட்சியில் இந்தச் சட்டமூலம் பற்றி நடந்த விவாதம் ஒன்றையும் விடவில்லை, அம்மாவின் நாடகத்துக்குத்தான் நட்டம். ஒருவர் சொல்கிறார், கணக்கில் பொய் எழுதினால் இயக்குநர் மறியலில் கம்பி எண்ண வேண்டும் என்று. மற்றவர் சொல்கிறார், இப்படி இறுக்கினால் முதல் போடுகிறவன் கப்பல் ஏறி ஓடிவிடுவான் என்று. நிகழ்ச்சி நடத்துகிற பிள்ளை இடையில் பழைய ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டியது, ஐந்து வருடத்துக்கு முதல் இவர் சொன்னதை அவரும் அவர் சொன்னதை இவரும் அதே ஆவேசத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதிரை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டா, "இஞ்சாருங்கோ, உவையள் கத்துறதில உங்களுக்கு என்ன விளங்குது?" நான் நிமிர்ந்து இருந்து, "பெறுமானத் தேய்வு விளங்குது" என்றேன். "அதென்ன?" "ஒரு சாமானை வாங்கினா வருசத்துக்கு வருசம் அதின்ர மதிப்புக் குறைஞ்சுகொண்டு போகும். அதை ஒளிக்காமல் கணக்கில காட்டவேணும்." அம்மா என்னை மேலும் கீழும் ஒருக்கா பார்த்தா. "முப்பத்திநாலு வருசமா நான் கணக்கில காட்டேல்லைத்தான்" என்று சொல்லிவிட்டுப் புட்டு அவிக்கப் போனா.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா தோட்டக்காரன் என்றுதான் உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் எனக்கு இன்னொரு உத்தியோகம் இருக்கிறது, சம்பளம் இல்லாத உத்தியோகம். நான் வழிமொழிபவன். கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம், மரண சகாய நிதி, விளையாட்டுக் கழகம், எதன் ஆண்டுக் கூட்டமாக இருந்தாலும் பொருளாளர் கணக்கறிக்கை வாசிப்பார், யாரோ முன்மொழிவார், நான் வழிமொழிவேன், ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்படும். இருபத்தேழு வருடம். எப்படி இந்தப் பதவி வந்தது என்றால், நான் காற்றாடிக்குக் கீழே முன்வரிசையில் இருப்பேன், எனக்குக் குரல் பெரிது, அதைவிட முக்கியமாக, வழிமொழிந்து முடிந்தால்தான் தேத்தண்ணியும் றோல்ஸும் வரும். இது எங்கள் மண்டபங்களின் மாறாத ஒழுங்கு. பொருளாளர் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போதே பின்னால் கோப்பை கிலுங்கும், சனம் என் பிடரியைப் பார்க்கும், நான் கையைத் தூக்குவேன். கெதியாகத் தூக்குவதை ஒரு பொதுச்சேவை என்று நினைத்திருந்தேன். "இளையதம்பி அண்ணை வந்தா கூட்டம் நேரத்துக்கு முடியும்" என்று எனக்கு நல்ல பெயர். கணக்கறிக்கையில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் நான் றோல்ஸுக்குள் என்ன இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் முதல் தரமாக முன்மொழியப் போகிறான். செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கே வெள்ளைச் சேட்டைப் போட்டு, உன் பக்கத்தை மடிப்புக் கசங்காமல் பொக்கற்றில் வைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாசிகசாலை மண்டபத்துக்குப் போனேன். நல்ல சனம். நயினாதீவில் இருந்தும் வந்திருந்தார்கள். நெடுந்தீவில் இருந்து இன்னாசித்தம்பி என்ற கடற்தொழிலாளி, அவரும் தீவொளியில் பங்கு வாங்கிக் கையைச் சுட்டவர், தன் ஊர்ச் சனத்தோடு முதற் படகில் வந்து பின் வரிசையைப் பிடித்திருந்தார். மேடையில் கொழும்பில் இருந்து வந்த தலைவி அம்மா, நல்ல தமிழ், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற ஆள். பக்கத்தில் எங்கள் பிரதேச செயலகத்து நிலாந்தி, கூட்டக் குறிப்பு எழுத. நான் எங்கே இருந்தேன் என்று நீ கேட்க ஏலாது, ஆனாலும் சொல்கிறேன். காற்றாடிக்குக் கீழேதான். அங்கேதான் முதற் பிழை.

முதலில் ரீச்சர் எழும்பினார். மண்டபம் வகுப்பறை மாதிரி அடங்கிவிட்டது. "நான் முப்பத்தாறு வருசம் கணக்குப் படிப்பிச்சனான். விடையை மட்டும் எழுதிக்கொண்டு வாற பிள்ளைக்கு நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை. செய்கை எங்கை எண்டு கேப்பன். அந்தக் கம்பனிப் புத்தகத்தில விடை மட்டும்தான் இருந்தது. வடிவான விடை. அதுக்கு நான் என்ர முழுக் காசையும் புள்ளியாப் போட்டிட்டன்." மேடைப் பக்கம் திரும்பினார். "செய்கையைக் காட்டச் சொல்லி ஒரு சட்டம் வேணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்லை." பிள்ளை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தது நான் என்று பொக்கற்றைத் தொட்டேன். அதற்குள் வல்லிபுரம் முதலாளி எழும்பிவிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று நினையாதே. நண்டுக் கம்பனி வைத்திருக்கிறார், சொந்தக் காசில் கட்டினது. "நான் கள்ளனில்லை. என்னட்ட நண்டு உடைக்கிற பொம்பிளையள் முப்பத்தெட்டுப் பேர். கொழும்பில மாடி மாடியா நிக்கிற கம்பனிக்கு வைக்கிற சட்டத்தையே எனக்கும் வைச்சா, நான் நண்டைப் பாக்கிறதோ, படிவத்தைப் பாக்கிறதோ? யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு கணக்காய்வாளரைக் கூப்பிட்டா அவருக்குக் காசு, அவற்ற காருக்குக் காசு, மத்தியானம் நண்டுக்கறி. வருசக் கடைசியில அவர் ஒராள்தான் கொழுத்திருப்பார்!" பின்னால் இருந்து இன்னாசித்தம்பி, "முதலாளி, நண்டுக்கறி எண்டா நானே வந்து கணக்குப் பாக்கிறன்!" என்று கத்த, மண்டபம் சிரித்துக் கொட்டியது. வல்லிபுரம் சிரிக்கவில்லை. "நீங்கள் சிரிக்கலாம். நான் மூடினா அந்த முப்பத்தெட்டு அடுப்பும் எரியாது. ஆனபடியா இந்தச் சட்டமூலம் எங்கட தீவுப்பகுதிக்கு வேண்டாம் எண்டு நான் முன்மொழியிறன்."

"வழிமொழிபவர் யாராவது?" என்று தலைவி அம்மா கேட்டார்.

 இந்த இடத்தைக் கவனமாக வாசி பிள்ளை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ரீச்சருக்கு எதிராகக் கை தூக்க ஆருக்கும் மனமில்லை. இன்னும் ஐந்து நொடி போயிருந்தால் அந்தத் தீர்மானம் அந்த இடத்திலேயே செத்திருக்கும், நான் எழும்பியிருப்பேன், உன் பக்கத்தை வாசித்திருப்பேன். ஆனால் அந்த ஐந்து நொடிக்குள் பின்னால் கோப்பை ஒன்று கிலுங்கியது. சனம் முழுக்க, ஒரு பாவமும் அறியாமல், பழக்கத்தில் என் பிடரியைப் பார்த்தது. பார்த்தது எனக்குத் தெரியும், இருபத்தேழு வருடமாக அந்தப் பார்வை விழுகிற இடம் சூடாகும். என் வலது கை மேலே போவதை நானே ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு ஒருவருடைய கை மாதிரி. பிறகு ஒரு குரல் கேட்டது. நல்ல பெரிய குரல்.

"வழிமொழிகிறேன்!"

"பெயர்?" என்று நிலாந்தி கேட்க, நான் வாய் திறக்க முதல் மண்டபமே "இளையதம்பி!" என்றது. எழுதிவிட்டாள். தேத்தண்ணித் தட்டும் வெளிக்கிட்டுவிட்டது. வல்லிபுரம் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இளையதம்பி, நீர் எங்கட பக்கம் எண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே!" என்றார். மூன்றாம் வரிசையில் இருந்து அம்மாவின் "இஞ்சாருங்கோ!" கேட்டது. அது கூப்பிடுகிற இஞ்சாருங்கோ இல்லை, உனக்குத் தெரியும். ரீச்சர் மெல்லத் திரும்பினார்.

"இளையதம்பி, நீர் இப்ப என்னத்தை வழிமொழிஞ்சனீர்?"

"தெரியேல்லை ரீச்சர்."

"அவர் சொன்னது காதில விழேல்லையோ?"

"விழுந்தது ரீச்சர். உள்ளுக்க போகேல்லை."

நான் மேடையைப் பார்த்து, "அம்மா, பிழைச்சுப் போச்சு, என்ர பேரை வெட்டிவிடுங்கோ" என்றேன். தலைவி அம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வெட்டலாம். ஆனால் வழிமொழிந்ததை மீளப் பெறுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும், ஐயா. அது பதிவில் ஏறும். என்ன காரணம்?" காது மந்தம் என்று சொல்லியிருக்கலாம். தலைச்சுற்று என்று சொல்லியிருக்கலாம், உன் அம்மா அப்போதே சாட்சி சொல்ல ஆயத்தமாகத்தான் இருந்தா. ஆனால் ரீச்சர் தன் கைப்பையை மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற மாதிரி எழும்பி நின்றார். அதைக் கண்டதும் எனக்குப் பொய் வரவில்லை. தீவொளி விழுந்த இந்த இரண்டு வருடமாக எனக்குள்ளே அடைத்துக்கொண்டு கிடந்தது வந்தது.

"காரணம், நான் ஒருநாளும் கேட்டு வழிமொழிஞ்சதில்லை அம்மா. இருபத்தேழு வருசமா இந்த ஊர்க் கணக்கு முழுக்க நான்தான் வழிமொழியிறனான். ஒண்டையும் கேட்டதில்லை. தீவொளிக் கம்பனியின்ர ஆண்டுக் கூட்டமும் இந்த மண்டபத்திலதான் நடந்தது. என்னட்டயும் பத்துப் பங்கு இருந்தது. ஆறு வருசக் கணக்கும் வழிமொழிஞ்சது நான்."

 தேத்தண்ணித் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எனக்கு நிறுத்த ஏலவில்லை, பிள்ளை. "சாட்டிக் கடற்கரையில ஒரு படகு கவிண்டு கிடந்தது, அடிப்பலகையில ஓட்டை. எல்லாரும் கண்டிருக்கிறியள். நான் குடும்பத்தோட போய் அதுக்கு மேல குந்தியிருந்து புட்டும் மீன்பொரியலும் சாப்பிட்டனான். அண்டைக்குப் பின்னேரமே இஞ்ச வந்து, அதே படகைப் புத்தகத்தில 'புதிய படகு' எண்டு வாசிக்க, வழிமொழிஞ்சிட்டு றோல்ஸ் சாப்பிட்டனான். எனக்கு ஒரு சதமும் ஆரும் தரேல்லை. ஆரும் என்னை வெருட்டேல்லை. நான் நல்ல மனிசன் அம்மா, ஊரைக் கேளுங்கோ. கள்ளரைப் பிடிக்க ஒரு சட்டம் போதுமெண்டா, என்னை மாதிரி நல்ல மனிசரைப் பிடிக்க இரண்டு சட்டம் வேணும்."

சொல்லிவிட்டு, கல் வரும் என்று பார்த்தேன். முதலில் வந்தது இன்னாசித்தம்பியின் கைதட்டல். "அண்ணை, அந்தப் படகில நானும் வலை காயப் போட்டனான்!" என்றார். அடுத்து, நம்ப மாட்டாய், ரீச்சர். போகவில்லை. கைப்பையைக் கதிரையில் வைத்தார். "அந்த ஆறு கூட்டத்துக்கும் நானும் வந்தனான் இளையதம்பி. நீர் கையைத் தூக்கின உடன நான்தான் முதல் ஆளாத் தேத்தண்ணிக்கு எழும்பினனான். மூட்டு நோ, வரிசையில நிக்க ஏலாது."  பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மண்டபத்துக்கு இரண்டும் வந்தது. தலைவி அம்மா நிலாந்தியின் பேனையை வாங்கித் தானே எழுதத் தொடங்கினார். "எத்தனையோ ஊரில் எத்தனையோ நிபுணர்கள் பேசினார்கள், ஐயா. எப்படி இது நடக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை" என்றார். என்னை, கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவனை, நிபுணர்களோடு சேர்த்து!

உன் பக்கத்தை அப்போதுதான் வாசித்தேன். இரண்டு இடத்தில் வரி மாறிவிட்டது, ஆனாலும் வாசித்தேன். வல்லிபுரம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கும் தீவொளியில் ஆயிரம் பங்கு போனது என்று அப்போதுதான் வாயைத் திறந்தார், அதுவரை வெட்கத்தில் ஆருக்கும் சொல்லவில்லையாம். "சரி ரீச்சர், ஒண்டு செய்வம். ஊர்ச் சனத்துக்குப் பங்கு வித்துக் காசு எடுத்த கம்பனிக்கு இறுக்கமான சட்டம். என்னை மாதிரிச் சொந்தக் காசில செய்யிறவனுக்குச் சுருக்கமான சட்டம். அப்பிடியெண்டா நானே முன்மொழியிறன்." ரீச்சர், "சுருக்கமெண்டாலும் செய்கை காட்டவேணும்" என்றார். "நண்டை ஒவ்வொண்டா எண்ணிக் காட்டுறன் ரீச்சர்!"

மறுபடியும், "வழிமொழிபவர்?" ரீச்சர் என்னைக் கையால் காட்டினார். "அவர்தான் வழிமொழியவேணும். இந்த முறை கேட்டிட்டு." மறுபடியும் சனம் என்னைப் பார்த்தது. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு, "முதல்ல வாசியுங்கோ" என்றேன். நிலாந்தி வாசித்தாள். "இன்னொருக்கா." வாசித்தாள். "இரண்டாம் பந்தியில 'பொருத்தமான தண்டனை' எண்டு இருக்கு. ஆருக்குப் பொருத்தம்? தண்டனை குடுக்கிறவருக்கோ, வாங்கிறவருக்கோ?" தலைவி அம்மா யோசித்து, 'பொருத்தமான' என்பதை வெட்டி, சட்டமூலத்தில் உள்ள தண்டனையையே எழுதச் சொன்னார். எனக்கு வந்த உசார்! ஒரு மனிசன் கேள்வி கேட்டால் தாள் மாறுகிறது என்பது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது, பிள்ளை. "இன்னொருக்கா முதல்ல இருந்து வாசியுங்கோ" என்றேன். வெளியே குறிகாட்டுவான் படகுத்துறைக்குப் போகிற பஸ் கோண் அடிக்கத் தொடங்கிவிட்டது. இன்னாசித்தம்பி கதிரைக்கு மேல் ஏறி நின்றார். "அண்ணை, இருபத்தேழு வருசத்துக்கும் சேர்த்து இண்டைக்கே கேக்கிறியளோ? நெடுந்தீவுப் படகு போகப்போகுது, நாங்கள் நீந்தியோ போறது?" நான் கேட்டு முடித்து, விளங்கி, கையை நானாக எடுத்து, நானாகத் தூக்கினேன்.

"வழிமொழிகிறேன்."

ஏகமனதாக நிறைவேறியது. சனம் விழுந்தடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடியது. தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாய்ப் போயிற்று, ஒருவரும் குறை சொல்லவில்லை. ரீச்சர் சைக்கிளில் ஏறும்போது, "கஜனிக்குச் சொல்லும், அவள் எழுதின பக்கத்தில செய்கை சரி எண்டு" என்றார். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். "தொண்ணூற்றெட்டு. வரி மாறி வாசிச்சதுக்கு உம்மட இரண்டு புள்ளியைக் கழிச்சிட்டன்" என்றார்.

அம்மாவின் விசயத்துக்கு வருகிறேன்.  வீட்டுப் படலையைத் திறக்கும்போது கேட்டா, "ஒண்டையும் கேக்காமல் கை தூக்கிறதுதான் உங்கட பழக்கமெண்டா, எங்கட கலியாணப் பதிவிலயும் அப்பிடியோ கையெழுத்து வைச்சனீங்கள்?" பிள்ளை, இந்தக் கேள்விக்கு உடனே 'சீச்சீ' என்று சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் அன்றைக்கு நேர்மை தலைக்கேறி இருந்தபடியால் அரை நொடி யோசித்துவிட்டேன். அந்த அரை நொடிக்குத்தான் இந்த மூன்று நாள். நீ போன் எடுத்தால் அம்மாவிடம் என் பக்கமாக இரண்டு வார்த்தை சொல்லு, அவ கேட்கிறபோது பதிலை யோசியாமல் சொல்லு.

உன் பேனை உண்மையை மட்டும் எழுத வேண்டும், நீ கேட்கிற கேள்விக்குப் பெரியவர்கள் எரிச்சல்பட்டாலும் பதில் சொல்ல வேண்டும், உன் கை நீ சொன்னால் மட்டும் எழும்ப வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டி, உச்சி முகர்ந்து வாழ்த்தும்,

உன் அப்பா,
இளையதம்பி.

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டிய பிறகு நிலாந்தி மோட்டார் சைக்கிளில் வந்தாள், ஆகவே உறையைக் கிழித்து எழுதுகிறேன். கொழும்பில் இருந்து தலைவி அம்மா போன் எடுத்தாவாம். வரவுப் புத்தகத்தின்படி மண்டபத்தில் இருந்தது அறுபத்துநான்கு பேர். தீர்மானத்தில் இருக்கிற கையெழுத்து நூற்றுப் பன்னிரண்டு. விசாரித்ததில், வல்லிபுரம் தன் முப்பத்தெட்டு நண்டுப் பொம்பிளைகளுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார், "அவையள் வேலையில நிண்டவை, பாவம்" என்கிறார். இன்னாசித்தம்பி தன்னோடு கடலுக்குப் போகிற ஆறு பேருக்கும் போட்டிருக்கிறார். ரீச்சர் காலஞ்சென்ற தன் கணவர் சேருக்கு ஒன்று, பங்கில் அவர் பெயரும் இருந்ததாம். மிச்சம் மூன்றும் அம்மா போட்டது, கனடாச் சித்திக்கும் சித்தப்பாவுக்கும், "அவையும் இருந்தாப் போட்டிருப்பினம்தானே" என்று மூன்று நாளைக்குப் பிறகு முதல் தரமாக என்னோடு கதைத்தா. பொய்க் கணக்கைத் தடுக்கச் சொல்லிப் போன தாளின் கணக்கு இது. இப்போது, பதிவு பெற்ற கணக்காய்வாளர் ஒருவர் கையெழுத்துகளைச் சரிபார்த்து உறுதிப்படுத்தினால்தான் தாளை ஏற்பார்களாம். காசு கேட்காத கணக்காய்வாளர் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான், அதனால் நிலாந்தியிடம் உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன். ஒரு சின்னச் சிக்கல் மட்டும். அம்மா போட்ட மூன்றில் மூன்றாவது உன்னுடையது. அச்சு அசல் உன் கையெழுத்து மாதிரியே இருக்கிறது, நானே ஏமாந்துவிட்டேன்.